நுங்குச் சாந்து உலரும்வரை காத்திருந்த ஓலை

மழை பிழையாதிருக்க, மதகுகள் காக்க, மாண்டோர்க்கு அமைதியும் வாழ்வோர்க்கு ஆறுதலும் உண்டாகுக.

தண்பொழில் நாட்டின் ஐந்து கூற்றங்களையும் ஒரு குடைக்கீழ்ப் புரப்பவளும், வேழக்கொடி உடையவளுமாகிய ஆம்பற்கோட்டை அரசி எழினிமாதேவி, சேலாற்றின் நடுவே அமைந்த ஆற்றிடைக்குறிச்சியின் ஊரவையார்க்கும், அவைத்தலைவர் கண்டன் மாறனார்க்கும், அவ்வூர் ஓடக்காரன் நாகனின் மனைவி காரிக்கும் விடுக்கும் ஓலை. உங்கள் ஊர்த் தென்னைகள் மீண்டும் பாளை விடுக. வண்டல் மூடிய வாசல்கள் மீண்டும் கோலம் காண்க.

இதனை ஓலைநாயகம் எழுதவில்லை. அரசி தன் கையாலேயே எழுதுகிறாள். தன்னை ‘அரசி’ என்றே குறிப்பது அரச ஓலையின் மரபு. ‘யான்’ என எழுத முயன்றபோதெல்லாம் எழுத்தாணி நகர மறுத்தது என்பதும் மெய்.

வருகிற முழுமதி நாளில் உங்கள் அவை தூதன் விடங்கனை விசாரிக்கக் கூடுகிறது. மேலணையின் வெள்ள எச்சரிக்கையைக் கொணர்ந்தவன் வழியில் தங்கிவிட்டான் என்பதும், அதனால் ஓடங்கள் பிந்தி நாகன் உயிர் நீத்தான் என்பதும் அவன்மேல் சுமத்தப்பட்ட பழி. அவன் எங்கும் தங்கவில்லை. நடந்ததை அரசி ஒளிவின்றிச் சொல்கிறாள், பொறுமையுடன் கேட்பீராக.

ஐப்பசி ஏழாம் நாள், உச்சிப்பொழுது சாய்ந்த வேளை. கடல் கடந்து வந்த வணிகர் சிலர் நகத்துக்கு இடும் பூச்சு ஐந்து குப்பிகளை முந்தைய நாள் அரண்மனைக்குக் காணிக்கையாகத் தந்திருந்தனர். அது மருதோன்றிபோல் நகத்தை ஒரேயடியாய்ச் சிவக்க வைப்பதன்று. இளநுங்கின் சதைபோல் தெளிந்து, நிறத்தின் சாயலை மட்டும் ஏற்று நிற்பது. ஆகவே அந்தப்புரத்தார் அதனை நுங்குச் சாந்து என்றனர். ஒருமுறை பூசினால் நகத்தடியின் வெண்பிறை அப்படியே தெரியும். இரண்டாம் பூச்சில் பிறை மங்கும். மூன்றாம் பூச்சிலோ நகமே கனிந்த பழத்தோல்போல் ஆழ்ந்து மின்னும். ஆனால் ஒரு பூச்சு நன்றாக உலர்ந்த பிறகே அடுத்ததை இடவேண்டும். இடையில் எதைத் தொட்டாலும் சுருங்கிக் கெட்டுவிடும்.

அரசி தன் அறைப் பலகணியருகே அமர்ந்து இடக்கையின் ஐந்து விரல்களிலும் ஐந்து நிறங்களை ஒவ்வொரு பூச்சாக இட்டு ஒப்பிட்டாள். பின்பு வலக்கையில் ஒன்றன்மேல் ஒன்றாய் நிறங்களை அடுக்கத் தொடங்கினாள். அப்போது அவளுக்கும் தோழி நறுவீக்கும் ஒரு வழக்கு எழுந்தது. தேன் நிறத்தின்மேல் மாதுளை நிறம் இடுவதும், மாதுளையின்மேல் தேன் இடுவதும் ஒன்றா, வேறா? பாலில் தேனை ஊற்றினாலும் தேனில் பாலை ஊற்றினாலும் குடிப்பவன் நாவுக்கு ஒன்றே என்றாள் நறுவீ. மேலே இருப்பதுதான் ஆளும் என்றாள் அரசி. தீர்த்துவிடுவோம் என்று இரு விரல்களில் இருவிதமாகவும் பூசி, உலர்வதற்காகக் கைகளை விரித்து வைத்திருந்தாள்.

அந்நேரம் விடங்கன் வாயிலில் வந்து நின்றான். முழங்கால்வரை சேறு, மூச்சு இறைத்தது. கோமுத்திரை இட்ட ஓலையை இரு கைகளாலும் ஏந்தி, நீரைப் பற்றிய செய்தி இது, உடனே திருவடியில் சேர்க்கும்படி அணைக்காவலர் ஏவினார் என்று விண்ணப்பித்தான். முத்திரை ஓலையை அரசியின் விரலன்றிப் பிற விரல் பிரித்தலாகாது என்பது இந்நாட்டின் விதி. அரசியின் விரல்களோ ஈரமாயிருந்தன. மேலணையிலிருந்து ஆண்டுதோறும் பத்து ஓலை வருகின்றது, பதினொன்றாவது சற்றே பொறுக்கட்டும் என்றாள்.

அவன் போகவில்லை. தேவி ஆணையிட்டால் அடியேனே பிரித்து வாசிக்கிறேன், அதன்பின் இந்த விரலை வெட்டிக்கொள்ளுங்கள் என்று இரண்டாம் முறையும் இறைஞ்சினான். அவ்வளவு அவசரமா என்று கேட்டு அரசி சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுதாமல் விட்டால் இவ்வோலையும் ஒரு பொய்யாகும்.

இரண்டு நாழிகை அவன் நின்றுகொண்டே இருந்தான். மூன்றாம் பூச்சும் ஏறி உலர்ந்தது. அதற்குப் பிறகும் அரசி உடனே கை நீட்டவில்லை. விரல்களை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எது அழகு என்று நறுவீயைக் கேட்டாள். நறுவீ விரல்களைப் பார்க்காமல் விடங்கன் கையிலிருந்த ஓலையையே பார்த்தாள். அதன் பின்னரே அரசி அதை வாங்கினாள்.

மேலணையின் வடகரை கரைகின்றது, பொழுது சாயுமுன் மதகுகளைத் திறந்தே ஆகவேண்டும், அதற்குள் ஆற்றிடைக்குறிச்சி மக்களை அக்கரை சேர்க்க அரச துறையின் நாற்பது ஓடங்களையும் ஏவுக என்று அதில் எழுதியிருந்தது. அரச ஓடங்களோ அரசியின் ஆணையின்றி அசையா. ஆணை அக்கணமே பறந்தது; ஆனால் கழிந்த இரண்டு நாழிகையை எந்த ஆணையால் திருப்ப முடியும்?

ஆற்று நீர் ஏறுவதைக் கண்ட நாகன் காத்திருக்கவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். தன் ஒற்றை ஓடத்தில் மும்முறை ஊராரைக் கரையேற்றிவிட்டு, பேறுகாலத்திலிருந்த பெண்ணுக்காகவும் அவள் தாய்க்காகவும் நான்காம் முறை வந்தான். அரச ஓடங்கள் நடு ஆற்றில் அவனை எதிர்கொண்டபோது வெள்ளமும் வந்துவிட்டது. இரு பெண்களையும் அரச ஓடத்தில் தூக்கி ஏற்றியவன், தான் ஏறுமுன் மிதந்துவந்த மரம் மோதிக் கவிழ்ந்தான். அந்த ஓடங்கள் உரிய வேளையில் புறப்பட்டிருந்தால் நாகன் நான்காம் முறை ஆற்றில் இறங்க வேண்டியதே இல்லை.

மூன்றாம் நாள் மந்திரச் சுற்றத்தார் கூடி, ஓலை எப்போது வந்தது எனக் கேட்டனர். அரசி கைகளை மேலாடைக்குள் மறைத்துக்கொண்டு, கைக்கு வந்த கணமே பிரித்தேன் என்றாள். அதில் ஒரு சொல்லும் பொய்யன்று; ஆயினும் அவள் தன் வாழ்நாளில் சொன்ன பெரும் பொய் அதுவே. அப்படியானால் தூதனே பிந்தினான் என்று அமைச்சர் முடிவு கட்டினர். விடங்கனை அழைத்துக் கேட்டபோது, தேவி சொன்னது சொன்னபடியே என்று மட்டும் கூறித் தலைகுனிந்தான். அவனை விலங்கிட்டு உங்கள் அவையின் விசாரணைக்கு அனுப்பினர்; அரசி வாய் திறக்கவில்லை. அன்று மாலை நறுவீ வெந்நீரும் எண்ணெயும் கொண்டுவந்து வைத்து, இது லேசில் போகாது தேவி என்று சொல்லிவிட்டு வெளியேறினாள். அதுமுதல் அவள் அரசியிடம் தானாக ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

எட்டு நாள் அரசி அந்த மௌனத்தின்மேல் உண்டாள், உறங்கினாள், அரியணை ஏறினாள். மூத்த அமைச்சர் அவளது சோர்வைக் கண்டு, மக்களுக்காக இத்தனை வருந்தும் அரசி வாய்த்தது நாட்டின் பேறு என்று புகழ்ந்தார். அந்தப் புகழையும் அவள் மறுக்கவில்லை.

நேற்றுக் காலை காரி கோட்டை வாயிலுக்கு வந்தாள். நிலமோ ஈடோ கேட்கவில்லை. உங்கள் ஊர்ச் சிறையில் விடங்கனைக் கண்டு பேசியதாகவும், ஏன் பிந்தினாய் என்று கேட்டதற்கு அவன் அழுதானே தவிர விடை சொல்லவில்லை என்றும் கூறினாள். அவன் குடித்திருந்தானா, குதிரை நொண்டியதா, பாதையில் மரம் விழுந்து கிடந்ததா, அரசியாருக்குத் தெரிந்திருக்குமே என்று வினவினாள். குதிரை நொண்டியிருந்தால் அவன்மேல் எனக்குக் கோபமில்லை, என் வீட்டுக்காரர் எதற்காகப் போனார் என்று தெரிந்தால் போதும், பிள்ளைகள் கேட்கின்றன என்றாள்.

அரசி எழுந்து உள்ளே போய்விட்டாள். தன் நாட்டுப் பெண்ணொருத்தி கேட்ட கேள்விக்கு நொண்டிக் குதிரையளவு காரணமும் தன்னிடம் இல்லை என்பதை உணர்ந்து, கதவைத் தாழிட்டு அழுதாள். கண்ணீர் வற்றியதும் ஓலை நறுக்குகளை எடுத்துக்கொண்டு அமர்ந்தாள்.

ஆதலால் ஆணையிடுவது யாதெனின்: இவ்வோலை கண்ட பொழுதே விடங்கனை விலங்கு நீக்கி, அவன் ஊர்வரை மேளத்தோடு அழைத்துச் சென்று, அவன் பழியற்றவன் என முச்சந்திதோறும் அறிவிக்க. இனி வெள்ள எச்சரிக்கைக்கு முத்திரை இல்லை. கொணர்பவன் வாய்மொழியே போதும், அரச ஓடங்கள் எவர் ஆணைக்கும் காத்திராமல் புறப்படுக. அரசியின் முத்திரைக் கணையாழி இன்றுமுதல் மந்திரச் சுற்றத்தாரின் காவலில் இருக்கும். முழுமதி நாளில் எழினி குடையும் முரசும் இன்றி உங்கள் அவைக்கு வந்து, விடங்கன் நிற்கவேண்டிய இடத்தில் நிற்பாள். அவையோர் விதிப்பது எதுவாயினும் ஏற்பாள். அவள்பொருட்டு மன்றாட வரும் அமைச்சர் எவரையும் ஊருக்குள் விடற்க.

காரிக்கு விடை: குதிரை நொண்டவில்லை. அவன் குடிக்கவில்லை. பாதையில் மரம் இல்லை. விடங்கன் உரிய வேளைக்கு முன்பே வந்தான். அரசி நகப்பூச்சு உலர்வதற்காகக் காத்திருந்தாள்.

இதனை அவை நடுவே, காரியும் அவள் பிள்ளைகளும் கேட்க, மும்முறை வாசிக்க. வாசிப்பவர் அரசியின் பெயருக்கு அஞ்சிக் குரலைத் தாழ்த்தற்க.

வேழ முத்திரை இட்டது. இது எழினி எழுத்து.