தந்தை பிறந்த ஊர் எது?

திருக்கோணமலை,
18-6-1950

அன்பிற்குரிய மகன் திருநாவுக்கரசுக்கு,

நீயும் மருமகளும் சிங்கப்பூரில் நோயின்றி வாழக் கோணேசர் திருவடியை வேண்டுகின்றேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடலால் நலம். உள்ளத்தைப் பற்றி அவ்வாறு எழுதக் கை துணியவில்லை. கச்சான் காற்றில் முற்றத்து முருங்கை சாய்ந்துவிட்டது, அம்மாவின் முழங்கால் நோவு தணிந்திருக்கின்றது. இனி நடந்ததைக் கேள்.

சென்ற செவ்வாய்க்கிழமை வாக்காளர் பெயர் பதிய நம் ஊர் விதானையார் இரத்தினசிங்கம் வந்தார். உன்னோடு படித்தவர்தாம். கதிரையில் அமர்ந்தவர், அம்மா கொடுத்த தேநீரையும் தொடாமல், நிலத்தைப் பார்த்தபடியே, ஐயா உங்கட அப்பா எங்க பிறந்தவர் என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். நாகப்பட்டினத்துப் புலவரின் மகன் வந்திருக்கின்றேன் என்றுதானே எந்த மேடையிலும் என் பேச்சைத் தொடங்குவேன், கூட்டமும் கைதட்டுமே, ஊரறிந்ததை ஏன் கேட்கின்றீர் என்றேன். அதுதான் ஐயா வில்லங்கம், நீங்க மேடையில சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கும் தெரியாது என்றார். புதிய குடியுரிமைச் சட்டப்படி இம்மண்ணில் பிறந்தது போதாதாம், தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டுமாம். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருக்கென்று வந்த சட்டம் என்று நான் எண்ணியிருந்தேன் மகனே, அது என் வாசற்படியேறி வந்து நிற்கின்றது! விடுதலை நாளன்று கடற்கரைக் கூட்டத்தில் கொடியேற்றிப் பேசியவன் இந்நாட்டுக் குடிமகன் அல்லனாம்.

விதானையார் நல்லவர். இங்க பக்கத்தில சாம்பல்தீவில பிறந்தவர் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நான் எழுதிக்கொண்டு போறன், ஆர் வந்து பார்க்கப் போறான் என்றார். உன் அம்மா குசினியிலிருந்து ஓடி வந்து, செத்த மனுசன் எழும்பி வந்து கோவிக்கப் போறாரோ, சொல்லுங்கோவன், நாளைக்கு உங்களைப் பிடிச்சுக் கப்பலில ஏத்தினால் நான் என்ன செய்யிறது என்று அழுதாள். ஒரு சொல்தான். ஆயினும் என்னைப் பெற்று, தமிழையும் ஊட்டி வளர்த்தவரை இல்லாத ஊருக்கு மகனாக்க என் நா எழவில்லை. நாகப்பட்டினம் என்றேன். என் பெயரை எழுதாமலே அவர் எழுந்து போனார். செய்தி அன்று மாலையே பரவிற்று. கிண்ணியாவிலிருந்து வந்த நண்பர் ஸெய்னுதீன், மாஸ்டர், வா வா எண்டு தொண்டை கிழியக் கத்தி நீங்க கூப்பிட்ட சுதந்திரம், வந்ததும் உங்களையே ஆரெண்டு கேக்குதே என்று சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

இந்திய வழியினன் என்று விண்ணப்பித்துக் குடியுரிமை கேட்கலாமாம். பிறந்த மண்ணை இரந்து பெறுவதா என்று நெஞ்சு கொதிக்கின்றது. அம்மாவோ இரண்டு நாளாக என்னோடு கதையில்லை. அவளுக்காக எழுதுவேனோ, மறுப்பேனோ, நானே அறியேன்.

ஆனால் ஒன்று அறிவேன். நான் இங்கே பிறந்ததால் நீ இந்நாட்டுக் குடிமகன். உன்னைக் குடிமகனாக்கிய என் பிறப்பு என்னை ஆக்கவில்லை, இவ்வளவே அச்சட்டத்தின் நீதி. மருமகளுக்கு மாதம் நெருங்குகின்றது. வெந்நீரிலேயே குளிக்கச் சொல், பாரம் தூக்க விடாதே. அயல்நாட்டில் பிறக்கும் பிள்ளையை ஓராண்டுக்குள் இலங்கை அரசிடம் பதிய வேண்டுமாம். மறவாதே, பிந்தாதே. உன் தந்தை பிறந்த ஊர் எது என்று அங்கே கேட்பார்கள். தலைநிமிர்ந்து சொல், திருக்கோணமலை என்று.

மூவரும் நீடு வாழ்க.

உன் தந்தை,
வே. மாசிலாமணி