பெலாச்சான் மணத்த கதவு

இன்று காலை ஆய்வுக்கூடத்து வாசலிலேயே பெலாச்சான் என்னும் இறால் விழுதின் மணம் என்னை நிறுத்திவிட்டது. புதிதாகச் சேர்ந்த மாணவன் நாசி லெமாக் சோறு சாப்பிட்ட கையோடு எலிக்கூண்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். நான் போட்ட சத்தத்தில் ஆடிப்போய்விட்டான்.

"கை கழுவிட்டேன்லா, டாக்டர்!"

"மறுபடி கழுவு."

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். போன வருடம் நீ கண்ணை மூடிய பிறகு, இந்தக் கதையைச் சொல்லிச் சேர்ந்து சிரிக்க எனக்கு ஆளில்லை.

எண்பதுகளில் புக்கிட் செலம்பாவ் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் எலி ஆராய்ச்சிக்கென்று நமக்கு ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு காலத்தில் ரப்பர் ஷீட் அடுக்கிய ஸ்டோர். சுவரெல்லாம் புகை வாடை. நான் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள், நீ யாழ்ப்பாணத்து ரயில்வே உத்தியோகத்தர் மகள். இருவருக்கும் எலிதான் சோறு போட்டது. எலிகள் பழக்குலைகளைத் தின்று தீர்த்தன. ஆனால் அவற்றுக்கு வைக்கும் புது இரையைத் தொடுவதில்லை. ஏன் என்று கண்டுபிடிக்கச் சொன்னது நிர்வாகம். நம் ஆசை அதைவிடப் பெரியது. தெரிந்ததா, தெரியாததா என்று ஒரு சின்ன உயிர் எப்படி முடிவெடுக்கிறது? அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அலைந்தோம்.

ஒரு பெட்டி செய்தோம். பழகிய கதவுக்குப் பின்னால் எப்போதும் தீனி இருக்கும். பக்கத்தில் தினமும் ஒரு புதுக் கதவு; அதற்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. எலிகள் எல்லாம் புதுக் கதவுக்கே ஓடின! நாம் தலைகால் புரியாமல் குதித்தோம். மேலிடத்து அதிகாரியான துவான் வந்து பார்த்து, அறை நமக்கா, உர மூட்டைக்கா என்று முடிவு சொல்வதாக இருந்தது. அவர் வருவதற்கு முதல் நாள், சாப்பிட்டுவிட்டுப் புதுக் கதவைப் பொருத்தப் போன நீ, விரலை முகர்ந்து அப்படியே நின்றுவிட்டாய். கோத்தா கோலா மூடாவிலிருந்து வாராவாரம் வாங்கிவரும் பெலாச்சான் இல்லாமல் உனக்குச் சோறு இறங்காது.

"ஐயோ, என்ர கை மணக்குதடி! எலி புதுசைத் தேடி வரேல்லை. பெலாச்சானைத் தேடி வந்திருக்கு."

"நாளைக்குத் துவான் வர்றாருலா. வாய மூடிக்கிட்டு இரு."

"அப்ப பொய்யைக் காட்டியே இந்த அறையை வாங்கிறது?"

நான் கெஞ்சினேன். நீ அசையவில்லை. மறுநாள் அதிகாரி உள்ளே நுழைந்ததுமே, உன் கை மணம்தான் தவறு, இதுவரை செய்ததெல்லாம் வீண் என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டாய். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாய், அவருக்கு ஒரு முக்காலி போட்டாய், புதுப் பலகை ஒன்றைப் பொருத்திவிட்டு எலிகளை ஒவ்வொன்றாக விட்டாய்.

எல்லாம் பழைய கதவுக்கே போயின. தின்றன. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அப்போதுதான் காது கிழிந்த அந்தப் பெட்டை எலி, வாயில் கவ்விய தீனியைக் கீழே வைத்தது. புதுக் கதவின் முன் வந்து நின்றது. மீசை நடுங்க, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நின்றது. திரும்பித் தீனியைப் பார்த்தது. பிறகு உள்ளே போய்விட்டது.

கோயிலில் பூசை நேரத்தில் மணி அடிக்கும்போதுகூட எனக்கு அப்படிச் சிலிர்த்ததில்லை. அதிகாரி முக்காலியிலிருந்து எழுந்து, பெட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏன் போனது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தெரியாது, துவான். அதுக்குத்தான் இந்த அறை வேணும்" என்றாய்.

உர மூட்டைகளுக்கு வேறு இடம் பார்த்தார்கள்.

அந்த அறையிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டேன்! இன்று என் ஆய்வுக்கூடத்தில் எலியின் மூளைக்குள் மயிரிழைக் கம்பி வைத்து, அது முன்னங்காலைத் தூக்கி நிற்கும் அந்த நொடியையே ஒலிபெருக்கியில் கேட்கிறோம். நரம்புகள் படபடவென்று பொரிகின்றன. எவை எப்போது பொரியும் என்பதுகூட ஓரளவு தெரியும். பயமும் ஆசையும் ஒரே இடத்தில் நின்று மல்லுக்கட்டுவதைத் திரையில் பார்க்கும்போது, இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு வாய் அடைத்துப்போகிறது.

மத்தியானம் அதே மாணவன் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டான், "தீனி இருக்கே டாக்டர், அப்புறம் ஏன் போவுது?"

"தெரியாது. அதுக்குத்தான் இந்த அறை" என்றேன். சொன்ன பிறகுதான் அது உன் குரல் என்று தெரிந்தது. விரல்களை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டு, அடுத்த கதவைப் பொருத்தப் போனேன்.