அடுத்தவர் காரணம்

மார்ச் 4, புதன்

கணினியில் விடுப்பு கேட்க நான் எழுதிய பக்கத்தை இன்று அலுவலகம் முழுவதற்கும் திறந்துவிட்டார்கள். ஒழுங்காக ஓடினால் மாதக் கடைசியில் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மேலாளர் (மனதுக்குள் அவர் பெயர் மிளகாய்) ஒரே நிபந்தனை போட்டார்: காரணக் கட்டத்தில் உண்மையை முழுசாக எழுத வேண்டும். 'சொந்த வேலை' செல்லாது.

மார்ச் 5, வியாழன்

கல்யாணமே ஆகாத கணக்கருக்கு மகப்பேறு விடுப்பு. காலையிலிருந்து ஆளாளுக்கு நலம் விசாரிக்கிறார்கள். வரவேற்பறை அக்கா எழுதிய காரணம் இவர் பெயரில் எப்படிப் போய் ஒட்டியது? நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். என்னிடம் மட்டும் சமர்த்தாக ஓடுகிறது, சனியன்.

எங்கள் குழுவில் மூத்தவர், எதற்கெடுத்தாலும் பாடம் எடுப்பதால் வாத்தியார். வழக்கமான மருந்தைத்தான் சொன்னார்: சர்வரை ரீஸ்டார்ட் பண்ணு. பண்ணினேன்.

மார்ச் 6, வெள்ளி

வழுக்கைத் தலை ஓட்டுநர் முடி வெட்டிக்கொள்ள அரைநாள் கேட்டிருக்கிறார்.

மிளகாய் கூப்பிட்டார். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பக்கத்தை மூடிவிடலாம், 'மத்த விஷயத்தையும்' யோசிக்கலாம் என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா மூக்குக்கண்ணாடி கேட்டாள். அதே நேரம் தங்கச்சி சீப்பு கேட்டாள். அம்மா கையில் சீப்பைக் கொடுத்தேன்.

"ரெண்டு பேர் ஒண்ணா கேட்டா உனக்குக் குழம்பிடும்" என்றாள் தங்கச்சி. "இருக்கிறது ஒரே மண்டை, பாவம்."

ஒரே மண்டை — அட, பக்கத்துக்குப் பின்னால் ஓடும் என் சர்வ்லெட் நிரலும் அப்படித்தானே? ஆளுக்கொன்று கிடையாது. ஒன்றே ஒன்றுதான் எல்லாருக்கும் ஓடி ஓடி வேலை பார்க்கிறது. காரணத்தை எல்லாருக்கும் பொதுவான மாறியில், அதாவது ஒரே டப்பாவில், வைத்தால், ஒருவர் வேலை முடிவதற்குள் அடுத்தவர் அழுத்தும்போது பழையது போய்ப் புதியது உட்கார்ந்துவிடும். நான் தனியாக அழுத்திப் பார்த்தால் எந்த ஜென்மத்தில் தெரியும்?

ஆனால் நான் அதை உள்ளே, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனியாகத்தானே வைத்தேன்? யார் அதைப் பொதுவில் தூக்கி வைத்தது? 'பார்க்க அழகா இருக்கட்டும்' என்று போன வாரம் என் நிரலைச் சீர்படுத்தியவர் ஒருவர்தான்: வாத்தியார். இருக்கட்டும், கவனித்துக்கொள்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

வாயால் சொன்னால் வாத்தியார் பாடம் எடுப்பார். அதனால் சோதனைப் பிரதியில், காரணத்தை வாங்கிய பிறகு சேமிக்கும் முன் நிரலைப் பத்து விநாடி தூங்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். வாத்தியாரையும் மிளகாயையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். சும்மா எதையாவது போடுங்கள் சார் என்றேன். பொய் எழுதத் தனக்கு வராது என்று மிளகாய் முறைத்துக்கொண்டே தட்டினார். வாத்தியார் அழுத்தினார். உடனே மிளகாயும் அழுத்தினார்.

வாத்தியார் தன் பெயருக்கு நேரே வந்ததைப் பாடம் எடுக்கும் குரலில் படித்தார்: "நீச்சல் வகுப்பு. முதல் நாள். தண்ணீர் என்றால் பயம்."

பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்த கணக்கருக்குப் புரையேறியது. மிளகாய் காதுவரை சிவந்து பெயருக்கேற்றபடி ஆனார். நான் மாறியை உள்ளே இறக்கிவிட்டு மறுபடி அழுத்தச் சொன்னேன். அவரவர் காரணம் அவரவரிடம். எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

மார்ச் 17, செவ்வாய்

புகார் எதுவும் இல்லை. ஆனால் மிளகாய் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அதிகப்பிரசங்கித்தனம் பண்ணி வேலைக்கு உலை வைத்துக்கொண்டேனோ?

மார்ச் 31, செவ்வாய்

நிரந்தரம். மிளகாயே வந்து ஆணையை நீட்டினார். தலைமுடி ஈரமாக இருந்தது. கையோடு அடுத்த வேலையும் கொடுத்தார்: விடுப்புப் பக்கத்திலிருந்து காரணக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும்.

ஏன் சார் என்றேன்.

"காரணமெல்லாம் கேக்கக் கூடாதும்மா."