பன்னிரண்டு வயதுக்கான கேம்

ராபின் அத்தான்,

இன்று ஷிப்மெண்ட் இருப்பதால் சீக்கிரமே கம்பெனிக்குக் கிளம்பிவிட்டேன். மீன்குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள். சிலிண்டர் போட ஆள் வருவார், அதுவரை தூங்கிவிடாதீர்கள்.

உங்கள் கேமில் பதினெட்டு வயது முத்திரையைப் பார்த்துவிட்டு, “வெட்டும் குத்தும் கட்டில் கண்றாவியும் நம்ம வீட்டுக்கு எதுக்கு அத்தான்?” என்று கத்தினேன் அல்லவா? நீங்கள் அதே கேமைப் பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு ஏற்றமாதிரி மாற்றிப் போட்டீர்கள்.

நேற்று நீங்கள் நைட் ஷிப்டுக்குப் போனதும் நானே அதைத் திறந்து பார்த்தேன். இப்போது வெட்டினால் ரத்தம் வருவதில்லை. படுக்கையறைக் கதவும் திறப்பதில்லை. ஆனால் உங்களுக்கு அதில் ஒரு மனைவி இருக்கிறாள். சண்டை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், களைப்பாக இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். எனக்கே புரிந்தது. கீழே மூன்று பதில்கள் வருகின்றன. நீங்கள் இதுவரை சொன்னதெல்லாம் வரிசையாகப் பதிவாகியிருந்தது. ஒவ்வொரு தடவையும், “உன்னையே நினைத்துக்கொண்டு வந்தேன்” என்பதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

அதையே நான் கேட்டால் “ம்” என்பதோடு சரி. அந்தப் பதிவுகளில் எதையும் அழிக்காமல் டிவியை அணைத்துவிட்டேன்.

விஜயராணி

அத்தான், பழைய பதினெட்டு வயது கேமையே திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தமும் கட்டிலும் எனக்குப் பரவாயில்லை. அதிலும் அந்த மனைவி பேசுவாள்தானே; நான் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், அவள் பேசும்போது ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.