பூட்டை உடைத்துவிட்டேன்

சித்தூரில் இருக்கும் என் பிடிவாதக்கார வீட்டுக்காரருக்கு,

நேற்று திருப்பதியில் கண்ணைக் காட்டினேன். விழித்திரையை ஒட்டவைத்த அந்த விட்ரெக்டமி ஆபரேஷன் முடிந்து ஐந்து வருடமாகியும் வலக் கண்ணில் அது உறுதியாக ஒட்டியிருக்கிறதாம். இனி வருடத்துக்கு ஒருமுறை போனால் போதும். சர்க்கரை மட்டும் ஏறக் கூடாது.

அப்போது டாக்டர் சொன்னபடி பத்து நாள் குப்புறப் படுத்திருந்தேன். சோறு கொண்டுவரும் உங்கள் பாதங்கள் மட்டுமே தெரிந்தன. அதை மறக்கவில்லை. ஆனால் "கண்ணு போய்டும், இனிமே தறி ஓட்டிக்கினு இருக்காத" என்று அன்று நீங்கள் பூட்டிய தறிக்கொட்டகையின் சாவி இன்னும் உங்கள் சட்டைப்பையில்தானே இருக்கிறது?

சொட்டு மருந்தின் மங்கல் தெளிந்ததும், இன்று காலை பூட்டை உடைத்தேன். இடக் கண்ணைக் கட்டிக்கொண்டு, அறுந்திருந்த பாவு இழைகளை ஒவ்வொன்றாக முடிந்தேன். ஒன்றும் தப்பவில்லை!

கண்கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. இந்தக் கடிதமும் வலக் கண் எழுதியதுதான்.

சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வாருங்கள், தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்கும்.

உங்கள் தறிக்காரி