பின்கதவின் இரும்புத் தாழ்ப்பாள்

அப்பா, என் அன்பான அப்பா,

நீங்கள் கொண்டுவந்த மிலிட்டரி மாமாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் நல்லவர் என்று இப்போதும் நினைக்கிறேன். அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஆட்களை மேற்பார்க்கும் பழைய போர்மேன் பெண்களைக் கெட்ட வார்த்தையில் ஏசினார் என்று, போன தீபாவளி சீசனில் பட்டாசுக் கம்பெனி முழுவதையும் வேலைநிறுத்தம் செய்ய வைத்தீர்கள். முதலாளி இறங்கி வந்து, "சரி, போர்மேனா யாருதான் வேணும்?" என்று கேட்டபோது, அம்மாவின் பெரியம்மா மகனை, பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்திருந்த இந்த மாமாவைக் கைகாட்டினீர்கள். "ஒழுங்கு தெரிஞ்ச மனுசன்" என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். பொங்கலுக்குள் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. மீதியை நீங்கள் பார்க்கவில்லை.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. தீயணைக்கும் வாளிகளில் தண்ணீர் நிறைந்திருந்தது. யாரும் யாரையும் ஏசவில்லை. பிறகு, எதற்கெடுத்தாலும் மாமா ஊதும் விசில் வந்தது. பிறகு, மதியம் சாப்பிட்டதும் வேப்பமரத்தடியில் நீங்கள் நடத்திய கூட்டத்தை மாமா நிறுத்தினார். அங்கே பழைய போர்மேனின் கையாளைக்கூட, "அவனும் பேசட்டும்லே, கேப்போம்" என்று உட்கார வைப்பீர்களாமே? அங்கேயே வேலை பார்த்த மாரியப்பன் சித்தப்பா அதை மாமாவிடம் ஞாபகப்படுத்தினார். மறுநாள் அவருக்கு வேலை இல்லை. "நாம கொண்டாந்த ஆளுதானே" என்று மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

மன்னனை விரட்டிய மக்கள் ஒரு படைத்தலைவனிடம் நாட்டை ஒப்படைத்த பாடம் பள்ளியில் நடக்கிறது. எல்லோரும் ஆண்டுகளை மனப்பாடம் செய்தார்கள். எனக்கு மாமாவின் விசில்தான் கேட்டது.

ஆட்கள் வெளியே போய் நேரம் கடத்துகிறார்கள் என்று, இந்த வாரம் கம்பெனியில் அம்மா வேலை பார்க்கும் அறையின் பின்கதவை மாமா வெளியே தாழ்ப்பாள் போட்டு அடைத்துவிட்டார். அதுவும் இரும்புத் தாழ்ப்பாள். உரசினால் பொறி பறக்கும் என்று ஓர் இரும்பு ஆணியைக்கூட நெருங்கவிடாத இடத்தில். நேற்று அம்மா கேட்டிருக்கிறாள்.

"அண்ணே, பின்கதவு என்ன காத்துக்கா வச்சிருக்கு? தீப்பிடிச்சா ஓடுறதுக்கு."

"பார்டர்ல எவனும் பின்கதவு கேட்டதில்ல, தங்கச்சி."

"அங்கன நீங்க சாகத் துணிஞ்சு போனீக. இங்கன நாங்க பொழைக்க வந்திருக்கோம்."

யாரோ சிரித்துவிட்டார்களாம். மாமா விசில் ஊதினார்.

எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் எங்கள் வகுப்பில் டீச்சர் உட்பட எல்லோரும் முதலில் திசையைத்தான் பார்ப்போம். வெடித்த கம்பெனி எம். புதுப்பட்டிப் பக்கமா, சாத்தூர்ப் பக்கமா? இந்த வாரம் நான், அம்மாவின் கம்பெனி இருக்கும் பக்கத்துச் சன்னலோரம் மாறி உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் இருந்திருந்தால் மாமா இப்படி ஆகியிருப்பாரா? இல்லை, உங்களையும் வெளியே அனுப்பியிருப்பாரா?

நாளைக் காலை, வெடிமருந்தை அறைக்குள் கொண்டுவருவதற்கு முன்பே, அம்மா அந்தத் தாழ்ப்பாளைத் திறக்கப் போகிறாள். உரசாமல் நகர வேண்டும் என்று சாப்பாட்டுப் பையில் தேங்காய் எண்ணெய் எடுத்து வைத்திருக்கிறாள். "வேலை போயிட்டா?" என்றேன். "வேலைதானே போகும்" என்றாள்.

அதே நேரத்தில் நான் மாமா வீட்டு வாசலில் நிற்பேன். எனக்கு அகராதி வாங்கித் தந்தவர், என்னைத் தள்ளிவிட்டுக் கம்பெனிக்குச் சைக்கிளை எடுக்க மாட்டார். மரத்தடிக் கூட்டம் எதற்கு வேண்டும் என்று முதலிலிருந்து சொல்வேன். கேட்கிறாரோ இல்லையோ, முழுவதும் சொல்லி முடிக்காமல் வழிவிட மாட்டேன். அதற்குள் அம்மா கதவைத் திறந்திருப்பாள். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

எதிர்த்துப் பேசினாலும் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவின்
மூத்த மகள்,
செல்வி