ஐந்தாவது சீசா

இன்று காலை மாட்டுங்காவில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்புறம் தேங்காய்ச் சிரட்டை எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை நெஞ்சில் ஏறியதும் சுவரோரம் நின்றுவிட்டேன். நீ போய் மூன்று வருஷமாகிறது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருநெல்வேலியிலிருந்து ஒரே ரயிலில் வந்து இறங்கியவர்கள் நாம். நான் மாட்டுங்காவில் ஒரு ரசாயனக் கூடத்தில் குடுவை கழுவினேன். நீ தாராவியில் தோல் பதனிடும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்துச் சந்தில் தனியாகக் குடியிருந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீசா நிறைய மஞ்சள் தண்ணீரோடு வந்தாய்.

“எங்க சந்துக் கெணத்துத் தண்ணிலே. குடிச்சா வாயெல்லாம் புண்ணாவுது. ஒங்க ஐயாகிட்டக் காட்டு.”

கூடத்தை நடத்திய ஐயா இரண்டு சொட்டு மருந்து விட்டார். தண்ணீர் ஊதாவாக மாறியது. தோலுக்குப் போடும் குரோம் உப்பு கிணற்றில் ஊறுகிறது, குடிக்காதே என்றார்.

“வேற தண்ணி எங்கய்யா இருக்கு?” என்றாய்.

குழாயடியில் அரைநாள் நின்றாலும் ஒரு குடம் நிச்சயமில்லை. கரி அந்த விஷத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும், முயன்று பாருங்கள் என்று மட்டும் ஐயா சொன்னார்.

கடைகள் எறிந்த சிரட்டைகளைப் பொறுக்கி, மூடிய தகர டப்பாவில் கரியாக்கி, இடித்துக் கழுவி, அடியில் துளையிட்ட பானையில் நிரப்பினோம். வடிந்த தண்ணீரில் மருந்து விட்டேன், ஊதா ஏறவில்லை. உன் வீட்டிலும் அக்கம்பக்கத்து நான்கு வீடுகளிலும் பானை வைத்தாய். வாரம் ஒருமுறை கரியை மாற்றாவிட்டால் விஷம் அப்படியே இறங்கிவிடும் என்று ஐயா எச்சரித்திருந்தார். அதனால் ஞாயிறுதோறும் நீ ஐந்து சீசா கொண்டுவருவாய், நான் சோதிப்பேன்.

பிறகு விறகுத் தட்டுப்பாடு வந்தது. சிரட்டையை யாரும் வெளியே எறியவில்லை.

“கரி மாத்துதியாலே?”

“மாத்தாம? சீசாவப் பாருலே, தெரியும்.”

ஐந்தும் சுத்தமாகவே இருந்தன. உன் முகம் வீங்கியிருந்தது. சரியாகத் தூங்கவில்லை என்றாய். நம்பினேன்.

மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாய். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். கொட்டகையாலா, தண்ணீராலா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் உன் வீட்டுப் பானையில் நானே தண்ணீர் பிடித்து மருந்து விட்டேன். கருத்த ஊதா.

பக்கத்து வீட்டுக்காரி நிறைமாத வயிற்றோடு வாசலில் நின்று அழுதாள்.

“கெடைச்ச கரிய எங்க நாலு வீட்டுக்குந்தான் போட்டாவ. அவிய வீட்டுச் சீசாவ எம்பானையிலதான் ரொப்பிட்டுப் போவாவ. குடிக்கக் குடுத்தா, ஒனக்கே காணாதேம்மான்னுருவாவ. ஒங்ககிட்டச் சொல்லப்புடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ.”

இப்போது சோதனைக்குத் தண்ணீர் வந்தால் யார் கையிலிருந்தும் சீசா வாங்குவதில்லை. கூடவே போய், யார் வீட்டுப் பானை என்று கேட்டு, நானே பிடித்துவருகிறேன். சந்தேகப் பிராணி என்று கூடத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

தோல் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று அந்த மாதங்களில் ஒருநாளும் நான் உன் வீட்டுக்கு வரவில்லை. இதைத்தான் இறக்கிவைக்க முடியவில்லை. ஒரு ஞாயிறு வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கலாம். உன் பானையிலிருந்து எனக்குத் தந்திருக்கமாட்டாய். தம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு எழுந்து போயிருப்பாய்.

நான் பார்த்திருப்பேன்.